வேலை செய்த கை, கையெழுத்திட்ட கை

மயாமி விமான நிலையத்தின் ஓரத்தில் ஒரு பராமரிப்புக் கூடம். 1996ஆம் ஆண்டின் முற்பகுதியில் அங்கே மூன்று பழைய விமானங்களைப் பிரித்துப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். விமானங்களை வாங்கியிருந்தது வேல்யூஜெட் என்ற மலிவுக் கட்டண நிறுவனம். வேலையை எடுத்துச் செய்தது சேபர்டெக் என்ற ஒப்பந்த நிறுவனம். இத்தகைய கூடங்களில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பணி அட்டை உண்டு. செய்ய வேண்டியது வரிவரியாக அதில் இருக்கும். செய்து முடித்தவர் வரிக்கு நேரே கையெழுத்திட வேண்டும். 0069 என்ற எண்ணுள்ள அட்டை, காலம் கடந்த ஆக்சிஜன் உருளைகளைக் கழற்றச் சொன்னது. கழற்றியபின், தீர்ந்துபோகாத உருளைகளின் முனையில் ஒரு பாதுகாப்பு மூடியை மாட்ட வேண்டும் என்பது அதில் ஒரு வரி.

சின்னஞ்சிறு பிளாஸ்டிக் மூடி. கூடத்தில் அது இருப்பு இல்லை. வாங்கிவர யாரும் ஆள் அனுப்பவில்லை. விமானத்தை ஒப்படைப்பது ஒரு நாள் தள்ளிப்போனால் 2,500 டாலர் கழித்துக்கொள்ளப்படும் என்பது ஒப்பந்தம். வாரம் ஏழு நாளும் வேலை நடந்தது. அந்த ஒரே அட்டையின் வேலைக்காக எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் உழைத்த நேரம் ஏறத்தாழ 900 மணி. மூடி மாட்டப்படவேயில்லை. ஆனால் அந்த வரிக்கு நேரே கையெழுத்து இருந்தது.

இந்த அத்தியாயம் அந்தக் கையெழுத்தைப் பற்றியது.

விமானம் கிளம்புமுன் பணிப்பெண் எடுத்துக் காட்டும் மஞ்சள் முகமூடியை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். பல விமானங்களில் அந்த முகமூடிக்கு மேலே, கூரைக்குள் இருப்பது ஆக்சிஜன் அடைத்த சிலிண்டர் அல்ல. சோடியம் குளோரேட் என்ற உப்பைக் கெட்டியாக இறுக்கி வைத்த ஒரு சிறு உருளை. முகமூடியை இழுத்தால் கயிறு ஒரு ஊசியை விடுவிக்கும். வில்விசையில் பாயும் ஊசி, நம் ஊர்ப் பொட்டுவெடி போன்ற ஒரு மருந்துப் பொட்டைத் தட்டும். பொறி பறந்ததும் குளோரேட் சூடேறிப் பிரியத் தொடங்கும். பிரிந்தால் கிடைப்பவை இரண்டு: சமையல் உப்பான சோடியம் குளோரைடு, கூடவே ஆக்சிஜன். தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாது. உருளையின் வெளிப்புறம் 250 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சுடும். கூரைக்குள் தனக்குரிய இடத்தில் இருக்கும்வரை அது உயிர் காக்கும் கருவி. மருந்துப் பொட்டின் மேல் மூடியில்லாமல் அட்டைப்பெட்டியில் கிடந்தால் அது கொள்ளிக்கட்டை.

கழற்றிய உருளைகள் கூடத்தின் ஒரு மூலையில் பெட்டிகளில் கிடந்தன. புதிய வாடிக்கையாளர் ஒருவர் பார்வையிட வரப்போகிறார், இடத்தைச் சுத்தம் செய்யுங்கள் என்று உத்தரவு வந்தது. சரக்குப் பிரிவு ஊழியர் உருளைகளை ஐந்து பெட்டிகளில் கட்டினார். அவற்றில் தொங்கிய பச்சைச் சீட்டைப் பார்த்துக் 'காலி' என்று அவர் எடுத்துக்கொண்டார். கூடத்தின் வழக்கத்தில் பச்சைக்குப் பொருள் 'பழுது பார்க்கத்தக்கது'. அனுப்புச் சீட்டிலும் ஆக்சிஜன் உருளைகள் காலி என்றே எழுதப்பட்டது. 1996 மே 11 அன்று அந்த ஐந்து பெட்டிகளும், கூடவே மூன்று டயர்களும், அட்லாண்டா செல்லும் 592ஆம் எண் விமானத்தின் முன்பக்கச் சரக்கு அறையில் ஏறின. உருளைகள் ஏறத்தாழ 144.

அந்த டிசி-9 விமானத்தின் சரக்கு அறையில் புகையை உணரும் கருவி கிடையாது, தீயணைப்பானும் கிடையாது. விதிப்படியே அப்படித்தான் அமைத்திருந்தார்கள். அறையைக் காற்றுப்புகாமல் மூடிவிடுவார்கள். தீப்பிடித்தால் உள்ளே இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்து, தீ மூச்சுமுட்டித் தானே அடங்கிவிடும் என்பது கணக்கு. தீயைப் பட்டினி போட்டுக் கொல்லும் அந்த அறைக்குள், தீக்குச் சோறூட்டும் பெட்டிகளை ஏற்றிவிட்டார்கள். கிளம்பிய பத்தாவது நிமிடத்தில் விமானம் எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்தது. 110 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

விசாரித்த அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் மூன்று தரப்பினர் மேல் குற்றம் கண்டது. உருளைகளை முறைப்படி கட்டாமல், அடையாளமிடாமல் அனுப்பியது சேபர்டெக். ஒப்பந்தக்காரர் செய்த வேலையை மேற்பார்க்கத் தவறியது வேல்யூஜெட். சரக்கு அறைகளில் புகை உணரியும் தீயணைப்பானும் கட்டாயம் என்று விதிக்காமல் விட்டது, எஃப்ஏஏ எனப்படும் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம். மூன்றாவது குறையைச் சரிசெய்ய 1998இல் விதி வந்தது. மூன்று ஆண்டுகளில் சரக்கு அறைகள் மாற்றியமைக்கப்பட்டன. இரண்டாவது குறை அவ்வளவு சுலபமாகத் தீரவில்லை. வேலையை வெளியே கொடுத்த நிறுவனம் அந்த வேலையை எப்படிக் கண்காணிப்பது? அடுத்த பத்தாண்டுகளில் இந்தக் கேள்வி கடல் கடந்து போனது.

*

விமானத்தை ஏன் இப்படிப் பிரித்துப் பிரித்துப் பார்க்க வேண்டும்? ஓடும்வரை ஓட்டி, நின்றபின் பழுது பார்த்தால் ஆகாதா? விடை உலோகத்துக்குள் இருக்கிறது.

பத்தாயிரம் மீட்டர் உயரத்தில் காற்று மிக மெல்லியது. நாம் மூச்சுவிடுவதற்காக விமானத்துக்குள் காற்றை அழுத்தி வைக்கிறார்கள். உள்ளழுத்தம் அதிகம், வெளியழுத்தம் குறைவு. அந்த வித்தியாசம் விமானச் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஐந்து டன் எடைக்கு மேல் வெளியே தள்ளுகிறது. ஒரு கதவின் மேல் மட்டும் ஏழெட்டு டன். தரையிறங்கியதும் அழுத்தம் நீங்கிவிடும். ஏறும்போது உப்பி, இறங்கும்போது தளரும் இந்த மாற்றம் ஒரு நாளில் ஐந்தாறு முறை நடக்கும். ஒரு விமானத்தின் ஆயுளில் பல பத்தாயிரம் முறை. கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று ஒடிகிறதே, அதே சங்கதிதான். ரிவெட் துளையின் ஓரத்தில் மயிரிழையை விட மெல்லிய விரிசல் ஒன்று தொடங்கும். ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். 1954இல் இரண்டு காமெட் விமானங்கள் மூன்று மாத இடைவெளியில் நடுவானில் சிதறிய பிறகு, இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு முழு விமான உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, மறுபடி மறுபடி அழுத்தமேற்றி, அது கிழியும்வரை காத்திருந்து இந்தப் பாடத்தைக் கற்றார்கள்.

அதனால்தான் இத்தனை வகைப் பரிசோதனைகள். சில நூறு மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை ஏ செக், ஓரிரவில் முடிந்துவிடும். ஒன்றரை, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சி செக். அதற்கும் மேலே, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் கனப் பராமரிப்பு. பழைய பெயர் டி செக். இருக்கை, தரை, சுவர்ப்பலகை, கழிவறை, சமையல் மேடை எல்லாவற்றையும் கழற்றி வெளியே வைத்துவிட்டு, விமானத்தின் எலும்புக்கூட்டைப் பார்ப்பார்கள். கழிவறைக்கும் சமையல் மேடைக்கும் அடியில் ஆண்டுக்கணக்கில் கசிந்த நீர் உலோகத்தை அரித்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசலைத் தேட மின்னோட்டத்தைச் சுழலவிட்டுப் பார்ப்பார்கள், மீயொலியை அனுப்பிப் பார்ப்பார்கள், விரிசலுக்குள் ஊடுருவும் சாயத்தைப் பூசித் துடைத்துப் பார்ப்பார்கள். பெரிய விமானம் என்றால் பல பத்தாயிரம் மணி நேர உழைப்பு.

இந்த வேலையில் நிகழும் தவறு உடனே காட்டிக்கொடுக்காது. 1978இல் ஜப்பான் ஏர்லைன்ஸின் போயிங் 747 ஒன்று ஒசாகாவில் இறங்கும்போது வாலைத் தரையில் உரசியது. பின்பக்க அழுத்தத் தடுப்புச் சுவரைப் பழுது பார்த்தவர்கள் விமானத்தைச் செய்த போயிங் நிறுவனத்தாரே. இரண்டு வரிசை ரிவெட்கள் தாங்க வேண்டிய ஓரிடத்தில், இணைப்புத் தகடு இரண்டு துண்டாக வெட்டிப் பொருத்தப்பட்டதால், ஒரே வரிசை மட்டும் சுமையைத் தாங்கியது. மேலே பூச்சு பூசியபின் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அந்த விமானம் 12,000 முறைக்கு மேல் பறந்தது. 1985 ஆகஸ்ட் 12 அன்று சுவர் கிழிந்தது, வால் பிய்ந்தது, 520 பேர் இறந்தார்கள். தவறுக்கும் தண்டனைக்கும் நடுவே ஏழு ஆண்டுகள்.

*

விமான நிறுவனங்கள் இன்ஜின், சக்கரம் போன்ற பாகங்களைப் பழுதுக்கு வெளியே அனுப்புவது பழைய வழக்கம். முழு விமானத்தையும் அனுப்புவது அமெரிக்காவில் 2001க்குப் பிறகே பெருகியது. உலக வர்த்தக மையத் தாக்குதலுக்குப் பின் பயணிகள் குறைந்தார்கள். யுனைடெட், யுஎஸ் ஏர்வேஸ், டெல்டா, நார்த்வெஸ்ட் என்று வரிசையாகத் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போயின. கனப் பராமரிப்பில் பெருஞ்செலவு கூலிதான். யுனைடெட், இண்டியானாபொலிஸில் பொதுப்பணத்தின் துணையோடு கட்டப்பட்ட தன் பிரம்மாண்டமான பராமரிப்பு மையத்தை 2003இல் மூடியது. நார்த்வெஸ்டின் சுமார் 4,400 மெக்கானிக்குகள் 2005 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்தார்கள். நிறுவனம் மாற்று ஆட்களையும் வெளி ஒப்பந்தக்காரர்களையும் வைத்துப் பறந்தது. வேலைநிறுத்தம் செய்தவர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பவேயில்லை.

அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தலைமைத் தணிக்கை அலுவலகம் கணக்கெடுத்தது. பெரிய நிறுவனங்களின் பராமரிப்புச் செலவில் வெளியே போனது 1996இல் 37 சதவீதம். 2007இல் 64 சதவீதம். ஒன்பது பெரிய நிறுவனங்களின் கனப் பராமரிப்பை மட்டும் எடுத்தால், 2003இல் 34 சதவீதம் வெளியே நடந்தது. நான்கே ஆண்டில் அது 71 சதவீதமானது. அதில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வெளிநாடுகளில். எல் சல்வடோரின் சான் சல்வடோர், சீனாவின் சியாமென், பெய்ஜிங், ஹாங்காங், சிங்கப்பூர், பின்னர் மெக்ஸிகோவின் கெரெட்டாரோ. பயணிகள் இல்லாத வெற்று விமானம் இந்த ஊர்களுக்குப் பறந்துபோய், வாரக்கணக்கில் பிரிந்து கிடந்து, சேர்ந்து திரும்பும்.

*

வெளிநாட்டுக்குப் போகுமுன் இன்னொரு விபத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். அது வெளிநாட்டில் நடந்தது அல்ல; அதனாலேயே பார்க்க வேண்டும்.

வடக்கு கரோலினாவின் சார்லட் நகரம், 2003 ஜனவரி 8. ஏர் மிட்வெஸ்ட் நிறுவனத்தின் 19 இருக்கைகள் கொண்ட பீச்கிராஃப்ட் 1900டி விமானம் ஓடுபாதையை விட்டு எழுந்ததும் மூக்கை மேலே தூக்கியது. விமானிகள் அழுத்திப் பார்த்தார்கள். மூக்கு இறங்கவில்லை. 54 டிகிரி வரை செங்குத்தாக எழும்பி, வேகமிழந்து, ஒரு விமானக் கொட்டகையின் மேல் விழுந்தது. இருந்த 21 பேரும் இறந்தார்கள்.

இரண்டு இரவுகளுக்கு முன்பு மேற்கு வர்ஜீனியாவின் ஹண்டிங்டனில் அந்த விமானத்துக்குப் பராமரிப்பு நடந்தது. வால் பகுதியில் கிடையாக அசையும் எலிவேட்டர் பலகைதான் மூக்கை ஏற்றுவதும் இறக்குவதும். விமானியின் கைப்பிடியிலிருந்து அதுவரை கம்பிகள் ஓடுகின்றன. கம்பி தளர்ந்திருந்தால், நடுவே உள்ள டர்ன்பக்கிள் என்ற திருகியை முறுக்கி இறுக்குவார்கள். அந்த மெக்கானிக் முறுக்கினார். அந்த ரக விமானத்தில் அந்த வேலை அவருக்குப் புதிது. பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தவர் தரப் பரிசோதகர். கையேட்டில் இருந்த படிகளில் சிலவற்றைத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள், பரிசோதகரும் ஒப்புக்கொண்டார். விட்ட படிகளைச் செய்திருந்தால் ஒரு விஷயம் தெரிந்திருக்கும்: மூக்கை இறக்கும் பக்கம் எலிவேட்டர் ஏறத்தாழ பாதித் தூரமே அசைந்தது.

கற்றுக்கொடுத்தவரே வேலையைச் சரிபார்த்து ஒப்பமிடும் பரிசோதகரும் என்பதை இன்னொரு முறை படியுங்கள். வேலை பார்த்த கையும் சோதிக்கும் கண்ணும் வெவ்வேறு ஆளுடையதாக இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையின் அடிப்படை விதி. அன்றிரவு இரண்டும் ஒன்றாகிவிட்டன.

அதன் பிறகும் விமானம் ஒன்பது முறை சிக்கலின்றிப் பறந்தது. பாரம் குறைவாக இருந்தது. பத்தாவது முறை எல்லா இருக்கையும் நிரம்பியது, பின்பகுதியில் சாமான்கள் கனத்தன. பயணியின் சராசரி எடை என்று அப்போது வழக்கில் இருந்த பழைய எண், பெருத்துவிட்ட அமெரிக்க உடல்களுக்குப் பொருந்தவில்லை. காகிதத்தில் சரியாக இருந்த பாரம் உண்மையில் அளவை மீறியிருந்தது. பாதி அசையும் எலிவேட்டரால் அதைத் தாங்க முடியவில்லை.

ஹண்டிங்டனில் அந்த மெக்கானிக் யாருடைய ஆள்? ஏர் மிட்வெஸ்ட் தன் பராமரிப்பை ரேதியான் ஏரோஸ்பேஸ் என்ற நிறுவனத்திடம் விட்டிருந்தது. ரேதியான் பரிசோதகரை வைத்துக்கொண்டு, மெக்கானிக்குகளை இன்னொரு ஆள் அனுப்பும் நிறுவனத்திடமிருந்து எடுத்தது. பயணி டிக்கெட்டில் பார்த்த பெயரோ யுஎஸ் ஏர்வேஸ் எக்ஸ்பிரஸ். டிக்கெட்டுக்கும் திருகிக்கும் நடுவே நான்கு பெயர்கள். ஏர் மிட்வெஸ்டின் மேற்பார்வைக் குறைவும் எஃப்ஏஏவின் மேற்பார்வைக் குறைவும் காரணங்களில் அடங்கும் என்று விசாரணை வாரியம் எழுதியது.

மயாமியும் ஹண்டிங்டனும் அமெரிக்க மண்தான். ஆகவே 'வெளிநாட்டுக்காரர்கள் செய்தால் கெடும்' என்று ஒலிக்கும் வாதத்தை நான் ஏற்கவில்லை. சொந்தக் கூடத்தில் சொந்த ஆள் செய்தாலும் தவறு வரும். 1990இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்றின் முன்கண்ணாடி நடுவானில் பறந்து, கேப்டனின் பாதி உடல் வெளியே தொங்கியது. கண்ணாடியைப் பொருத்தியவர் அந்த நிறுவனத்தின் அனுபவமிக்க ஷிஃப்ட் மேலாளர். 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகள் 0.026 அங்குலம் மெல்லியவை. கேப்டன் பிழைத்தது பெரும் பாக்கியம்.

என்னைக் கவலைப்படுத்துவது தூரம். திருகியை முறுக்கும் கைக்கும், விமானத்துக்குப் பொறுப்பேற்கும் நிறுவனத்துக்கும், இருவரையும் சோதிக்கும் அரசுக்கும் இடையே உள்ள தூரம். ஒப்பந்தத்துக்குள் ஒப்பந்தம் என்று போனால் அந்தத் தூரம் ஒரே ஊருக்குள்ளேயே கூடும். கடல் குறுக்கிட்டால் இன்னும் கூடும்.

*

அமெரிக்கச் சட்டப்படி வேலையை யாரிடம் கொடுத்தாலும் விமானத்தின் தகுதிக்கு விமான நிறுவனமே பொறுப்பு. பராமரிப்பு சரியாக நடக்கிறதா என்று தொடர்ந்து ஆராய ஒரு கண்காணிப்பு முறையையும் அது வைத்திருக்க வேண்டும். சட்டம் சரியாகவே இருக்கிறது. அது எட்டும் இடம்தான் கேள்வி.

வெளிநாடுகளில் எஃப்ஏஏ சான்று பெற்ற பழுதுபார்க்கும் கூடங்கள் சுமார் 900. அமெரிக்காவுக்குள் உள்ள கூடத்தில் மேற்பார்வையாளரும், விமானம் பறக்கத் தகுதியானது என ஒப்பமிடுபவரும் எஃப்ஏஏ உரிமம் வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டுக் கூடத்துக்கு நெடுங்காலமாக இருந்த விதியில் அந்த உரிமம் கட்டாயமில்லை. 18 மாத நடைமுறை அனுபவமோ, தக்க பயிற்சியோ போதும். இரண்டு இடங்களிலும் அவர்களுக்குக் கீழே உரிமமற்ற கைகள் பல வேலை செய்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கையேடுகள் ஆங்கிலத்தில் உள்ளன. ஆங்கிலம் வாசிக்கும் மேற்பார்வையாளர் ஒருவர், வாசிக்கத் தடுமாறும் பத்துப் பேருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்றால், ஹண்டிங்டனில் விட்ட படிகளைப் போல இன்னும் சில படிகள் எங்கோ விடுபடும்.

அமெரிக்காவுக்குள் ஆய்வாளர் காரெடுத்துக்கொண்டு முன்னறிவிப்பின்றிப் போய்க் கதவைத் தட்டலாம். வெளிநாட்டில் விசா வேண்டும், அந்த நாட்டு அரசின் இசைவு வேண்டும். 'இன்ன தேதியில் வருகிறோம்' என்று சொல்லிவிட்டுப் போனால் சுத்தமான கூடத்தைத்தான் காட்டுவார்கள். நம் ஊர்ப் பள்ளிகளில் இன்ஸ்பெக்‌ஷன் நாளன்று சுவரெல்லாம் வெள்ளையடித்திருக்குமே, அப்படி.

2009 ஜனவரியில் ஒமாஹாவிலிருந்து ஃபீனிக்ஸுக்குப் பறந்த யுஎஸ் ஏர்வேஸ் விமானத்தில் கதவிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் எழுந்தது. கதவைச் சுற்றியுள்ள அழுத்தக் காப்புப் பட்டை விட்டுப்போகத் தொடங்கியிருந்தது. விமானம் டென்வரில் இறக்கப்பட்டது, யாருக்கும் ஆபத்தில்லை. எல் சல்வடோரின் ஏரோமேன் கூடத்தில் கதவின் ஒரு முக்கியப் பாகம் முன்பின்னாக மாற்றிப் பொருத்தப்பட்டிருந்தது என்று அமெரிக்கப் பொது வானொலி செய்தி வெளியிட்டது. அந்தக் கூடத்தில் தேர்ந்த தொழிலாளிகள் இருக்கிறார்கள். பல பெரிய நிறுவனங்கள் தொடர்ந்து அங்கே விமானம் அனுப்புகின்றன. ஆனால் ஏழெட்டு டன் தாங்கும் கதவில் பாகம் மாறிக் கிடந்ததைக் கண்டுபிடித்தது எந்தப் பரிசோதகரும் அல்ல, நடுவானத்துக் கீச்சொலி.

இன்னொரு இழப்பு கணக்கில் வராதது. சொந்தக் கூடத்தில் இருபது ஆண்டு வேலை பார்த்த மெக்கானிக்குக்கு அந்த விமானத்தைத் தெரியும். இந்த இடத்தில் போனமுறை துரு இருந்தது, இந்தக் குழாய் எப்போதும் கசியும் என்று நினைவில் வைத்திருப்பார். குடும்ப டாக்டர் போல. தொலைதூரக் கூடத்தில் விமானம் ஒரு முறை வந்துபோகும் நோயாளி. அங்கே பார்த்தவர் அதை மறுபடி பார்க்கப்போவதில்லை.

*

இந்தக் கவலைக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வெளியே அனுப்புவது உச்சத்தில் இருந்த ஆண்டுகள்தாம் அமெரிக்க விமானப் பயணத்தின் மிகப் பாதுகாப்பான ஆண்டுகளும். 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் நிறுவனத்தின் விமானம் விழுந்து 50 பேர் இறந்த பின், 2025 ஜனவரியில் வாஷிங்டனில் ராணுவ ஹெலிகாப்டர் மோதி 67 பேர் இறக்கும்வரை, அமெரிக்கப் பயணிகள் விமானம் எதுவும் பெருவிபத்தில் சிக்கவில்லை. அந்த இரண்டுக்கும் பராமரிப்பு காரணமல்ல. இந்த உண்மையை மறைத்துவிட்டு இந்தப் பிரச்சினையைப் பேசுவது நேர்மையாகாது. ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் உள்ள கூடங்கள் உலகத் தரமானவை. அமெரிக்காவில் உள்ள பல கூடங்களைவிடச் சிறந்தவை.

ஆனாலும் இந்தக் கணக்கைக் கண்டு நான் முழுதாக நிம்மதி அடையவில்லை. காரணம் உலோகம்தான். ஒசாகாவில் 1978இல் நடந்த தவறு 1985இல் வெளிப்பட்டது. சைனா ஏர்லைன்ஸின் 747 ஒன்று 1980இல் ஹாங்காங்கில் வாலை உரசியது. குறைபட்ட பழுதுபார்ப்பின் அடியில் விரிசல் வளர்ந்து, 2002 மே 25 அன்று தைவான் நீரிணைக்கு மேல் விமானம் உடைந்து 225 பேர் இறந்தார்கள். இருபத்திரண்டு ஆண்டுகள். கனப் பராமரிப்பில் நேரும் தவறுகளை அடுத்த ஆண்டின் விபத்துக் கணக்கில் தேடினால் கிடைக்காது. இன்றைய நல்ல கணக்கில் பாதி, பழைய தலைமுறை மெக்கானிக்குகள் சேர்த்துவைத்த சொத்து என்பது என் எண்ணம்.

*

அமெரிக்காவைப் பார்த்துப் பேசும்போது நாம் எங்கே நிற்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். இந்திய நிறுவனங்களின் கனப் பராமரிப்பில் பெரும்பகுதி நீண்ட காலமாகச் சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, அமீரகம் என்று வெளியே போய்வந்தது. வரியும் ஒரு காரணம்: உள்நாட்டில் செய்தால் 18 சதவீத ஜிஎஸ்டி. 2020இல் அது 5 சதவீதமாகக் குறைந்தபின் உள்நாட்டுக் கூடங்களுக்கு மூச்சு வந்தது. ஓசூரில் ஏர் வொர்க்ஸ் கூடம் இருக்கிறது. அயல்நாட்டு விமானம் ஒன்று இந்திய மண்ணில் பழுதுக்கு நிற்கும்போது அந்த நாட்டுப் பயணிக்கு நாமே 'வெளிநாடு'. நம் பிள்ளைகள் உரிமத் தேர்வுக்காகக் கண் விழித்துப் படித்தவர்கள். அவர்கள் கை தாழ்ந்த கை என்று யாராவது சொன்னால் நமக்குச் சுடும். எல் சல்வடோர் தொழிலாளிக்கும் அதே சூடு உண்டு.

ஆகவே கேட்க வேண்டியது, வேலை எந்த நாட்டில் நடக்கிறது என்பதை அல்ல. கூடத்தில் விமான நிறுவனத்தின் சொந்த ஆட்கள் எத்தனை பேர் நிற்கிறார்கள்? அரசு ஆய்வாளர் சொல்லாமல் வந்து பார்க்க முடியுமா? ஒப்பமிடுபவர் உரிமம் உள்ளவரா? 'மூடி இல்லை, நான் கையெழுத்துப் போட மாட்டேன்' என்று சொல்லும் தொழிலாளிக்கு மறுநாள் வேலை இருக்குமா? இந்த விடைகளைப் பயணிகளும் அறியும்படி வெளியிட வேண்டும்.

இவற்றில் சில அசைந்திருக்கின்றன, மெதுவாக. 2024 மே மாதம் அமெரிக்கா நிறைவேற்றிய விமானத் துறைச் சட்டம், வெளிநாட்டுக் கூடங்களில் முன்னறிவிப்பற்ற ஆய்வைக் கோருகிறது. அங்கு வேலை செய்வோருக்கு மது, போதைப் பரிசோதனை வேண்டும் என்று நாடாளுமன்றம் சொன்னது 2012இல். அதற்கான இறுதி விதி வந்தது 2024 டிசம்பரில். கூடங்கள் இணங்குவதற்கான அவகாசம் 2027 டிசம்பர் வரை. ஒரு விதி எழுத்திலிருந்து கூடத்துக்குப் போய்ச் சேரப் பதினைந்து ஆண்டுகள். இது மிக அதிகம்.

சார்லட்டில் இறந்தவர்களின் உறவினர்கள் இழப்பீட்டோடு இன்னொன்றும் கேட்டார்கள். அது கிடைத்தது. 2005 மே மாதம், விபத்து நடந்த விமான நிலையத்துக்கு அருகே உள்ள நினைவிடத்தில், ஏர் மிட்வெஸ்டின் தலைவர் குடும்பங்களின் முன்னால் நின்றார். தன் நிறுவனத்திடமும் அதன் பராமரிப்பு ஒப்பந்தக்காரரிடமும் இருந்த குறைகளுக்கு இந்த விபத்தில் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டு, பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.